துடைக்காத அடுப்பு

அடுப்பு சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடு இல்லை. காய்ச்சல் அடிக்கிறவர் நெற்றியில் கை வைத்தால் இருக்குமே, அந்த அளவு. மூக்கன் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். சிலிண்டர் தீர்ந்து பதினொரு நாள் ஆகிறது என்று கதவைத் திறக்கும்போதே அந்த வீட்டு அம்மா சொல்லியிருந்தார். சிலிண்டரையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அது நின்ற இடத்தில் தரையில் துருப்பிடித்த ஒரு வட்டம் மட்டும் மிச்சம். ரப்பர் குழாய் எதிலும் மாட்டாமல் மேடையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நின்றது. அந்த ஜன்னலுக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது.

நின்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. மணி மூன்றரை. ஐந்து மணிக்கு அந்தக் குடியிருப்புக்குக் குழாய் கேஸ் திறந்துவிடப் போகிறார்கள். அதற்குள் இருபது வீட்டு அடுப்பையும் சிலிண்டர் கேஸிலிருந்து குழாய் கேஸுக்கு மாற்றி முடிக்க வேண்டும். பதினெட்டு முடிந்திருந்தது. பத்தொன்பதாவதாக இந்த மூன்றாவது மாடி வீடு. கீழே சூப்பர்வைசர் கையில் பட்டியலோடு நின்றுகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

மூக்கன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. ஒரு காலத்தில் அவன் மாடிப்படியில் ஏறும்போதே எந்த வீட்டில் கேஸ் கசிகிறது என்று சொல்லிவிடுவான். அவன் வந்தால் மீட்டர் எதற்கு என்று கேலி பேசுவார்கள். சூப்பர்வைசர்கூட, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அவனைக் காட்டி, இந்த மூக்குக்குத்தான் கம்பெனி சம்பளம் தருகிறது என்பார். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து பூவும் ஒன்றுதான், பினாயிலும் ஒன்றுதான். வாயில் எதைப் போட்டாலும் நனைத்த காகிதம்.

இது அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் மறுநாளே வேலை இல்லை. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'வாசனைச் சோதனை செய்யப்பட்டது' என்று இருக்கும். எட்டு மாதமாக அதன் கீழே அவன் பொய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பரிகாரமாக மற்றவர்கள் இரண்டு தரம் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் இவன் நான்கு தரம் தடவுவான். நுரையில் குமிழ் வராவிட்டால் கசிவு இல்லை. மூக்கு இல்லாவிட்டாலும் கண் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வான்.

ஆனால் நுரையில் பார்க்க முடியாத ஒன்று வீட்டில் இருந்தது. நான்கு வயது மகள். சாயங்காலம் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓடிவந்து மடியில் விழும்போது, அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அன்றைய அலுப்பு அத்தனையும் போய்விடும். இப்போதும் மூக்கை வைக்கிறான், வெறும் காற்று வருகிறது. அதனால் தினமும் மனைவியிடம், "பாப்பா வாசனை எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்பான். அவளும் சலிக்காமல் குனிந்து மோந்து பார்த்து, சோப்பு, பால், வெயிலில் காய்ந்த துணி என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். காது கேளாதவனுக்குப் பாட்டை விவரிப்பது மாதிரி இருக்கும். மூக்கு திரும்பி வந்தால் முதலில் மோந்து பார்ப்பது அந்த உச்சந்தலையைத்தான் என்று அவன் தீர்மானித்து வைத்திருந்தான். வேலைகூட அதற்கு அப்புறம்தான்.

அப்படிப்பட்டவன் இப்போது இந்த அடுப்பின் முன்னால் நின்றான்.

எத்தனையோ வீட்டு அடுப்படியைப் பார்த்தவன் அவன். கரப்பான் குடும்பம் நடத்துகிற அடுப்பு, எலி செத்துக் காய்ந்த அடுப்பு, பால் பொங்கி வழிந்து மூன்று வருடக் கல்லான அடுப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இது அந்த வகையில் சேரவில்லை. அடுப்படி முழுக்கத் துப்புரவாக இருந்தது. சுவர் ஓடுகள் பளபளத்தன. அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன, மூடிகூட மின்னியது. அடுப்பில் மட்டும் பிசுக்கு, விரல் கனத்துக்கு. மேலே தேன் நிறம், அதற்குக் கீழே பழுப்பு, அடியில் கறுப்பு. நான்கு பர்னரையும் அது கழுத்துவரை மூடியிருந்தது. விளிம்பில் வழிந்து, வழிந்தபடியே உறைந்து, சின்னச் சின்ன முலைக்காம்புகளாகத் தொங்கியது.

மூக்கன் துணியை எடுத்ததும் அந்த அம்மா முதல்முறையாகக் குறுக்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. உதடுகள் மட்டும் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கின.

"துடைக்காதீங்க தம்பி. எங்க வீட்ல அடுப்பைத் துடைக்கறதில்ல."

சிலர் செவ்வாய்க்கிழமை நகம் வெட்ட மாட்டார்கள், சிலர் விளக்கு வைத்த பிறகு பெருக்க மாட்டார்கள். அப்படி ஏதோ ஒரு நம்பிக்கை என்று அவன் நினைத்துக்கொண்டான். ஊரில் உள்ள நம்பிக்கையை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? சரிம்மா என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேடினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உள் அறையிலிருந்து, தட்டில் கரண்டியைத் தட்டுகிற சத்தம். டிங். கொஞ்சம் இடைவெளி. டிங். பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர் பொழுது போகாமல் தட்டுவாரே, அது மாதிரி. வீட்டுக்காரர், படுத்த படுக்கை, என்று அந்த அம்மா சொன்னார்.

அடுப்பைக் கவிழ்க்க வேண்டும். ஜெட் அடியில்தான் இருக்கும். ஜெட் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பித்தளைத் திருகு. நடுவில் ஊசித் துளை. கேஸ் அதன் வழியாகத்தான் பர்னருக்குப் போகிறது. சிலிண்டர் கேஸ் வேகமாக வரும், அதற்குத் துளை சின்னது. குழாய் கேஸ் மெதுவாக வரும், துளை பெரியதாக இருக்க வேண்டும். பழைய ஜெட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினால் பாதி வேலை முடிந்தது. பழையதை வீட்டு எண் எழுதிய பொட்டலத்தில் போட்டு ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். வீட்டிலேயே விட்டால் யாராவது தெரியாமல் திரும்ப மாட்டிவிடுவார்கள்.

இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. புதுசு வேண்டாம், இதையே துளை போட்டுப் பெரிதாக்கித் தர முடியாதா என்று கேட்டார். சில அரைகுறை மெக்கானிக்குகள் அப்படிச் செய்வதுண்டு, தீ கூரைவரை எழும்பும், கம்பெனியில் அதற்கு அனுமதியில்லை என்று அவன் பக்குவமாக எடுத்துச் சொன்னான். அவர் கேட்டதையே மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கும்போது குரல் கம்மியிருந்தது.

அடுப்பைத் தூக்குவதற்காக முன்விளிம்பில் கை வைத்தான். விரல்கள் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. குனிந்து பார்த்தான். பிசுக்கை யாரோ கரண்டியால் வழித்திருந்தார்கள். உறைந்த தயிரில் கரண்டி போட்டு எடுத்த இடம் எப்படி வழவழவென்று குழிந்திருக்கும், அப்படி வரிசையாகக் குழிகள். சுத்தம் செய்யப் பார்த்துக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைத்தான். துடைப்பதில்லை என்றாரே? மேடையில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தான். ஒரு தட்டு. ஒரு கரண்டி. வேறு ஒன்றும் இல்லை. அலமாரி டப்பா ஒன்றை லேசாக ஆட்டிப் பார்த்தான். காலி. அடுத்ததும் காலி. உப்பு இருக்க வேண்டிய கண்ணாடிச் சீசாவில் ஒரு கல் உப்புகூட இல்லை, கழுவிக் கவிழ்த்த சீசா.

அடுப்பின் வலது ஓரத்தில் ஒரு இடம் கரண்டி போட்டதாக இல்லை. அரை வட்டமாக, மேலும் கீழுமாகச் சிறு சிறு கோடுகள். ஒரு மனித வாயின் அகலம்.

பார்க்காததுபோல் இருந்துவிட அவன் முடிவு செய்தான். வேலையை முடி. வெளியே போ. அடுப்பைக் கவிழ்த்தான். பிசுக்கு சொட்டவில்லை. ஒரு கனத்த நாக்கு மாதிரி மெல்ல நகர்ந்து மணிக்கட்டில் வந்து படிந்தது. வெதுவெதுப்பு. உடம்பின் வெதுவெதுப்பு. மூக்கு இல்லாதது எவ்வளவு நல்லது என்று எட்டு மாதத்தில் முதல்முறையாக நினைத்தான்.

ஒரு கையால் வால்வைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பானரைத் திருகினான். முதல் ஜெட் கழன்று விரலுக்கு வந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டான்.

யோசித்துச் செய்ததில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம். தையல்காரர் குண்டூசியை உதட்டில் கவ்வுவது மாதிரி, இந்தத் தொழிலில் ஜெட்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். கீழே விழுந்தால் மேடை இடுக்கில் போய்விடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. விழுங்கியவர்களும் உண்டு. இரண்டு நாளில் வந்துவிடும், கழுவி மாட்டிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் சிரிப்பார். எந்த அடுப்பின் ஜெட் இது என்று மூக்கனுக்கு உறைத்தபோது இரண்டாவதும் உள்ளே போயிருந்தது. துப்பப் பார்த்தான். கை இரண்டிலும் பிசுக்கு. சரி, ஒரு சுவையும் தெரியப்போவதில்லையே, இன்னும் இரண்டுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்றாவதும் வாய்க்குப் போனது. நான்காவது அசையவில்லை. மூச்சைப் பிடித்து அழுத்தினான். ஸ்பானர் வழுக்கியது. முழங்கை சுவரில் இடித்தது. அம்மா என்று மூச்சை இழுத்தான்.

ஒன்று தொண்டைக்குள் இறங்கியது.

இறங்கிய வழியெல்லாம் தெரிந்தது. சின்னதாக, வெதுவெதுப்பாக. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே போய் அது நின்ற மறுநொடி, அங்கிருந்து மேலே ஏறி வந்தது வாசனை.

தீய்ந்த கொழுப்பு. நனைந்த தலைமுடி. பழுத்த புண்ணில் ஒட்டிய கட்டுத்துணி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தித்திப்பு, அதுதான் மோசம். தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் மெழுகாகப் படிந்தது. எட்டு மாதமாக மூடிக்கிடந்த கதவு திறந்திருக்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டியவன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினான். குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தான். இரண்டு ஜெட் தொட்டியில் விழுந்து கிணுகிணுத்தது. மூன்றாவது வரவில்லை. வாயைக் கொப்பளித்தான். தண்ணீரிலும் அதே நாற்றம்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்த அம்மா.

அவர் பதறவில்லை. கதவோரம் சாய்ந்து நின்று, குழந்தை முதல் உருண்டையைத் துப்புவதைப் பார்க்கிற தாயைப்போலப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு போய் எத்தனை மாசம் ஆச்சு?"

கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாதது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார். அடுப்படிக்குள் வருகிற எல்லாரும் முதலில் மூக்கைப் பொத்துவார்களாம், இவன் பொத்தவில்லையாம்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் போச்சு. ரெண்டு வருஷம். புள்ளை வாசனை தெரியலையேன்னு தினம் அழுவாரு."

"அப்புறம்?"

"வந்துச்சு."

அடுப்படி வாசலுக்கு மேல் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. உள்ளே வரும்போது அவன் அதைக் கவனிக்கவில்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. வெளிக்கதவுக்குப் பக்கத்தில் சின்ன ஜோடி ஷூக்கள், அவற்றின் மேல் தூசி.

"பாப்பா எங்கம்மா?"

அந்த அம்மா புகைப்படத்தைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

டிங். உள் அறையில். டிங்.

அதற்குப் பிறகு மூக்கன் எதையும் யோசிக்கக் கூடாது என்று யோசித்தான். நான்காவது ஜெட்டைக் கழற்றியதும், புதிய நான்கையும் மாட்டியதும் கைகள்தாம், அவன் இல்லை. அடுப்பை நிமிர்த்தினான். புதுக் குழாயை இணைத்தான். தீயைக் குறைத்து வைக்கிற சிம் திருகைச் சரி செய்தான். சூப்பர்வைசர் போனில், அந்த வீட்டுக்கு மட்டும் சோதனைக்குத் திறந்தாச்சு, மூக்கா, பாரு என்றார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினான். குமிழ் இல்லை. பற்றவைத்தான். நான்கு பர்னரிலும் நீலமாக, சீராக, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோலத் தீ நின்றது. குழாய் கேஸுக்கு என்று ஒரு வாடை உண்டு. அவன் அதை எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான். ஒரு பர்னரை அணைத்து, கேஸை ஒரு நொடி விட்டு, குனிந்து மோந்தான்.

கொழுப்பு. முடி. தித்திப்பு. வேறு ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டான். பொட்டலத்தில் மூன்று பழைய ஜெட்டோடு, வேறொரு வீட்டில் மிஞ்சிய உபரி ஒன்றைச் சேர்த்து நான்காக்கினான். கிளம்புமுன் தற்செயலாக அடுப்பின் மேல் கை பட்டது. மூன்று பர்னர் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பு ஜில்லென்று இருந்தது. கிணற்று வாளி மாதிரி.

அந்த அம்மாவும் கை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் வைத்தார். பிசுக்கில் நகம் போட்டுச் சுரண்டி நாக்கில் வைத்தார். முகம் கோணியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள் அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு வயதான ஆண், பால் நிறுத்திய குழந்தை அழுவதுபோல அழ ஆரம்பித்தார்.

"எடுத்துட்டுப் போறீங்களா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவன் பொட்டலத்தைக் காட்டி, ஆமாம்மா, ஆபீஸ்ல ஒப்படைக்கணும் என்றான்.

"நான் அதைக் கேக்கல" என்றார்.

அவன் படி இறங்கினான். இருபதாவது வீட்டை முடித்தது அவனுக்கு நினைவில்லை. வயிறு வலிக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னான். பொய் சொல்கிறோமே என்று பட்டது. வலி இல்லை. சூடு. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, காய்ச்சல் நெற்றியின் சூடு. சூப்பர்வைசர் தோளில் தட்டினார். அவருடைய கையிலிருந்து அந்த நாற்றம் வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பிடரியிலிருந்து நாற்றம் வந்தது. கம்பியிலிருந்து வந்தது. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டிலிருந்தும். ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பூவிலிருந்து நனைந்த முடியும் தீய்ந்த கொழுப்பும் வீசின. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். கைக்குட்டையிலும். மூச்சை அடக்கினான். அடக்க அடக்க நாற்றம் உள்ளே இருந்து வந்தது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, சாக்கடை ஓரமாக நின்று வாந்தி எடுக்கப் பார்த்தான். சாக்கடைகூட வேறு மாதிரி நாறவில்லை. அதே நாற்றம்தான்.

மூக்கு திரும்பி வந்துவிட்டது, ஆனால் உலகத்தில் ஒரே ஒரு வாசனைதான் மிச்சம் என்று புரிந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. எட்டு மாதமாகக் கேட்டது இதுவா? இதற்கு அந்த வெறும் காற்றே தேவலை. நடுத்தெருவில் நின்று அழுதான். கண்ணீர் உதட்டில் பட்டது. அதுவும் வழுவழுப்பாக இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்று பதறிப்போய் நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருக்க அவன் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பத்து வருடம் கூட வாழ்ந்தவள், பிணத்தைத் தொட்டுவிட்டு வந்தவள் மாதிரி நாறினாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சாப்பாடு போட்டாள். தட்டின் முன்னால் உட்கார்ந்தான். தட்டிலும் அதே. ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிறு சரியில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று எழுந்தான்.

பசித்தது. அதுதான் ஆச்சரியம். அப்படி ஒரு பசி பிறந்ததிலிருந்து பசித்ததில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு, அப்பா என்று கத்திக்கொண்டே மகள் ஓடிவந்தாள். வராதே என்று சொல்ல நினைத்தான். அதற்குள் மடியில் விழுந்துவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டான். இதையும் இழக்கக் கூடாது. எல்லாம் நாறட்டும், இந்த ஒன்றை மட்டும் மோந்து பார்க்கவே கூடாது. சுவரைப் பார்த்தான். எண்ணினான். பத்து. இருபது. நெஞ்சு வெடித்தது. அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். உச்சந்தலை அவன் மூக்குக்கு நேராக வந்தது.

மூச்சு தானாக உள்ளே போனது.

அதே வாசனைதான். கொழுப்பு. முடி. தித்திப்பு. ஒன்றும் மாறவில்லை.

ஆனால் நாறவில்லை.

இன்னொரு தரம் இழுத்தான். வயிற்றுச் சூடு மெல்ல அசைந்து கொடுத்தது. பல் இடுக்கிலெல்லாம் நீர் ஊறியது. சோப்பு, பால், வெயிலில் காய்ந்த துணி என்று மனைவி தினமும் சொன்னாளே, அதில் ஒன்றுகூட இதில் இல்லை. கம்மென்று இருந்தது. கொழுப்பு பொன்னிறமாக முறுகுகிறபோது வருகிற வாசனை. நாக்கு தானாக மேலண்ணத்தைத் தடவியது. இன்னும் ஒரே ஒரு தரம்.

மகள் எந்நேரம் தூங்கிப்போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் எப்போது போனது என்றும் தெரியவில்லை. மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த வலது கையில் ஏதோ குளிர்ந்தது. விரலால் தடவிப் பார்த்தான். கரண்டி. அடுப்படிக்குப் போனதாக அவனுக்கு நினைவே இல்லை.

பின்னால் காலடி கேட்டது. மனைவி வந்து வாசற்படியில் நின்றாள். கணவன் குனிந்திருப்பதையும், மூக்கு மகளின் தலைமுடிக்குள் புதைந்திருப்பதையும், அவன் மூச்சை இழுத்து இழுத்து விடுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எட்டு மாதமாக அவளும்தானே காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க... பாப்பா வாசனை தெரியுதா?"

அவன் திரும்பாமல் தலையை ஆட்டினான்.

"எப்படி இருக்கு? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே, சிரிப்பும் அழுகையுமாக அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டான். வாயைத் திறந்தால் வழிந்துவிடும்.